தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களா?

கேட்கப்பட்டது இதுதான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வெளியேறி, பட்டணத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கும் குடும்பம். அக்காள் மகனுக்கு 15 வயது, படிவம் மூன்று படிக்கிறான். அண்டை வீட்டுச் சிறுமியிடம் தகாத முறையில் நடந்துகொண்டான் என்று புகாராகி, பிடிபட்டு, இப்போது ஜாமீனில் இருக்கிறான். 'கட்டாயமாகத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் போட்டு ஊசி போடுவார்கள்' என்று ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பையன்களைத் தண்டனை முடிந்தாலும் வெளியே விடுவதில்லை என்று அக்காளின் மூத்த மகள் போனில் படித்திருக்கிறாள். இங்கே அப்படி ஒரு சட்டம் உண்டா? சிகிச்சை வேண்டாம் என்று குடும்பம் மறுக்க முடியுமா? இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாமா?

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்த வாரமே தப்பு நடந்துவிடக்கூடிய இடம் அதுதான். பேசி முடிக்கக் கூடாது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவுப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம். 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். உங்கள் விஷயத்தில் புகார் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. இனி அதை நடத்துவதா வேண்டாமா என்பது டி.பி.பி. என்று நாம் சொல்லும் அரசாங்கத் துணை வழக்கறிஞரின் முடிவு. அந்தச் சிறுமியின் அப்பாவால்கூட 'போகட்டும் விடுங்கள்' என்று கேஸை மூட முடியாது. உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் பழத்தட்டோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றால், சாட்சியைக் கலைக்கப் பார்த்தார் என்றுதான் பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், எழுதுவார்கள்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் இந்த மாதிரி விஷயங்கள் எப்படி முடிந்தன என்று உங்கள் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), கோயில் தலைவர், லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மூத்தவர் நாலு பேர் கூடுவார்கள். அபராதம், மன்னிப்பு, சூடத்தில் அடித்துச் சத்தியம். அப்புறம் ஒரு மாதத்தில் லயத்தைக் காலி செய்துகொண்டு வேறு தோட்டத்துக்குப் போவது பெரும்பாலும் அந்தப் பெண் பிள்ளையின் குடும்பமாகத்தான் இருக்கும். நான் சமூக நலத்துறையில் நன்னடத்தை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கறிஞன் இல்லை. 1947ஆம் ஆண்டுச் சிறார் நீதிமன்றச் சட்டம் நடப்பில் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்து, 2002 ஆகஸ்ட்டில் இன்றைய சிறார் சட்டம் நடப்புக்கு வந்தபோது அதற்கு மாறி, ஓய்வு பெறும்வரை வீடு வீடாக அறிக்கை எழுதியவன். அந்த அனுபவத்தில்தான் இந்தப் பழைய பஞ்சாயத்தை மறுபடி தொடங்காதீர்கள் என்று சொல்கிறேன்.

சரி, பயத்துக்கு வருவோம்.

உங்கள் அக்காள் மகள் படித்தது பொய்யில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2003இல் அப்படி ஒரு சட்டம் போட்டார்கள். அங்கே ஒரு பையன் சிறுவனாக இருக்கும்போது வல்லுறவு, தகாப்புணர்ச்சி போன்ற பாலியல் குற்றத்துக்காக ஒரு நிலையத்தில் வைக்கப்பட்டு, 20 வயது ஆகும்போதும் அங்கேயே இருந்தால், அதற்கென அமைத்த வாரியம் அவனை மதிப்பிடும். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதில் பெரும் சிரமம் உண்டாக்கும் மனக்கோளாறோ ஆளுமைக் கோளாறோ அவனுக்கு இருக்கிறது, விட்டால் மறுபடி செய்யக்கூடும் என்று தெளிவான சான்றுகளோடு நிரூபித்தால், நீதிபதி அவனை ஓராண்டுக்குக் கட்டாய உள்நோயாளிச் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டு முடிந்ததும் மறுபடி விசாரணை, தேவையென்றால் இன்னும் ஓராண்டு. இதற்கு மேல்வரம்பு கிடையாது. டோரன்ஸ் என்ற ஊரில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனையில்தான் இதற்கான இடம். 'இது தண்டனை, சிகிச்சை என்று பெயர் மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்' என்று வழக்குப் போட்டவர்கள் உண்டு. ஆனால் 2020இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே சொல்லிவிட்டது. பெரியவர்கள் விஷயத்தில் 1997இலேயே கான்சஸ் மாநில வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே வழியைத் திறந்து வைத்திருந்தது.

மலேசியாவில் இப்படி ஒரு சட்டம் இல்லை. பையன் தண்டனைக் காலத்தை முடித்த பிறகு, 'இன்னும் ஆபத்தானவன்' என்று சொல்லி மருத்துவமனையில் அடைத்து வைக்கும் ஏற்பாடு நம் சிறார் சட்டத்திலும் இல்லை, பாலியல் குற்றச் சட்டத்திலும் இல்லை. இதை உங்கள் அக்காளிடம் முதலில் சொல்லுங்கள். இன்று இரவாவது தூங்கட்டும்.

தஞ்சோங் ரம்புத்தான் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் பக்கம் சின்ன வயதில் குறும்பு செய்தாலே 'ரம்புத்தானுக்கு வண்டி ஏற்றிவிடுவேன்' என்றுதான் மிரட்டுவார்கள். 1911இல் தொடங்கிய மருத்துவமனை அது. இன்றைக்கு ஹாஸ்பிட்டல் பகாகியா உலு கிந்தா என்று பெயர். அங்கே ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க வழி உண்டு. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம், 2010இல்தான் நடப்புக்கு வந்தது. அதன்படி உறவினர் விண்ணப்பம் வேண்டும், சேர்ப்பதற்கு முந்தைய ஐந்து நாளுக்குள் ஒரு மருத்துவர் நேரில் பார்த்துப் பரிந்துரை எழுதியிருக்க வேண்டும். உள்ளே போன 24 மணி நேரத்தில் அங்குள்ள மருத்துவர் மறுபடி பார்த்து, தேவையென்றால் ஒரு மாதம் வரை வைக்கலாம். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் இதே சட்டத்தில் பலர் படிக்காமல் தாண்டிப்போகும் ஒரு வரி இருக்கிறது. ஒழுக்கக்கேடான நடத்தை, பாலியல் பிறழ்வு, குடி, போதைப்பொருள், அரசியல் கருத்து, மதக் கருத்து, சமூகத்தோடு ஒத்துப்போகாத ஆளுமை: இவற்றை மட்டுமே காரணமாக வைத்து ஒருவரை மனநோயாளி என்று நடத்தக் கூடாது என்கிறது அந்த வரி. 'மட்டுமே' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பையன் செய்தது எவ்வளவு மோசமானதாக இருந்தாலும், அந்தச் செயல் ஒன்றே அவனைத் தஞ்சோங் ரம்புத்தானில் அடைக்கக் காரணமாகாது. இங்கிலாந்தின் 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே மாதிரி வரி இருந்தது. அவர்கள் 2007இல் சட்டத்தைத் திருத்தியபோது பாலியல் பிறழ்வு என்ற விலக்கை எடுத்துவிட்டார்கள். நம் சட்டம் அதை எழுதி வைத்தது. எழுதியது நல்லது என்பதுதான் என் எண்ணம். இல்லையென்றால் பிடிக்காத மகனை, ஊர் தாங்க முடியாத மருமகளை எல்லாம் மனநோய் என்று கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

அவனுக்கு உண்மையிலேயே மனநோய் இருந்தால், அல்லது அறிவு வளர்ச்சி குறைவாக இருந்தால், கதை வேறு. வழக்கை அவனால் புரிந்துகொள்ள முடிகிறதா என்ற சந்தேகம் மாஜிஸ்திரேட்டுக்கு வந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆம் பிரிவுப்படி அவனை மனநல மருத்துவமனையில் கண்காணிப்புக்கு அனுப்பலாம். ஒரு மாத அளவில் மருத்துவர்கள் பார்த்து அறிக்கை தருவார்கள். அது சிகிச்சைக்காக அடைத்து வைப்பது இல்லை, பரிசோதனை. ஆரம்பப்பள்ளியிலிருந்தே அவன் சிறப்புக் கல்வி வகுப்பில் இருந்தவனா, வலிப்பு வந்ததுண்டா, பிறக்கும்போது ஏதாவது சிக்கலா? அப்படி இருந்தால் இப்போதே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். மானம் போய்விடும் என்று மறைக்க வேண்டாம்.

ஊசி விஷயம். இது இந்தோனேசியச் செய்தியிலிருந்து நம் வாட்ஸ்அப்புக்கு வந்தது என்று நினைக்கிறேன். அங்கே 2016இல் சிறாரைப் பாலியல் கொடுமை செய்தவர்களுக்கு ரசாயன முறையில் ஆண்மை அடக்கும் தண்டனையைச் சட்டமாக்கினார்கள். அந்தச் சட்டத்திலேயே குற்றவாளி சிறாராக இருந்தால் இது பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. மலேசியாவில் பெரியவர்களுக்கே அப்படி ஒரு தண்டனை சட்டத்தில் இல்லை. இதோடு சேர்த்து இன்னொன்று: தமிழ்நாட்டுச் சேனல் பார்த்துவிட்டு 'போக்சோவில் போட்டுவிடுவார்கள்' என்று பேசுபவர்கள் நம் பக்கம் நிறைய. போக்சோ இந்தியச் சட்டம். நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் கட்டாயம் என்பதே கிடையாதா? உண்டு. அது சிகிச்சை என்ற பெயரில் வராமல் நீதிமன்ற ஆணையாக வரும்.

அவனுக்கு 15 வயது. பத்து வயதுக்குக் கீழே என்றால் குற்றவியல் பொறுப்பே கிடையாது, 12 வரைக்கும் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்ததா என்று பார்ப்பார்கள். இவன் அந்த வயதுகளைத் தாண்டிவிட்டான். சிறார் நீதிமன்றத்தில்தான் விசாரிப்பார்கள். மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருவர் பெண். கதவு சாத்தியிருக்கும். குற்றம் செய்தான் என்று முடிவானாலும் 'தண்டிக்கப்பட்டான்' என்ற சொல்லைச் சிறார் விஷயத்தில் சட்டம் பயன்படுத்துவதில்லை, 'குற்றம் கண்டறியப்பட்டது' என்றுதான் எழுதுவார்கள். அதன் பிறகு சிறார் சட்டத்தின் 91ஆம் பிரிவு. எச்சரித்து விடலாம். நிபந்தனையோடு நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கி விடலாம். உறவினர் பொறுப்பில் ஒப்படைக்கலாம். அபராதம் போடலாம். அங்கீகரிக்கப்பட்ட பள்ளிக்கு, அதாவது துனாஸ் பக்திக்கு அனுப்பலாம். பொதுவாக அது மூன்று ஆண்டுக்கான ஆணை, நடத்தையைப் பார்த்து முன்னதாகவும் விடுவார்கள். 14 வயது நிரம்பியவனை ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்பலாம். பையன்களுக்கானது மலாக்காவில் தெலுக் மாஸில் இருக்கிறது, சிறை இலாகாவின் கீழ், 21 வயதுக்கு மேல் வைக்க முடியாது. வேறு எதுவும் பொருந்தாது என்றால் சிறையும் உண்டு, ஆனால் 96ஆம் பிரிவு அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. முன்பு பிரம்படியும் இருந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

நான் இருபது வருடத்துக்கு மேல் முட்டிக்கொண்ட இடம் இனிமேல்தான் வருகிறது. நன்னடத்தை உத்தரவு என்று ஒன்று உண்டு. பையன் வீட்டிலேயே இருப்பான், அதிகாரி ஒருவர் கண்காணிப்பார், இந்த நாளில் இங்கே வா, இன்னாரைப் பார் என்று நிபந்தனை போடலாம். வெளியில் வைத்துச் சிகிச்சை கொடுக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஆனால் 2001இல் சிறார் சட்டம் எழுதியபோதே 98ஆம் பிரிவில் சில குற்றங்களுக்கு இந்த உத்தரவு கிடையாது என்று ஒதுக்கிவிட்டார்கள். கொலை மாதிரியான கடும் குற்றங்களோடு வல்லுறவு, தகாப்புணர்ச்சி, மானபங்கம், தண்டனைச் சட்டத்தின் 377 வரிசையில் வரும் சில பாலியல் குற்றங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. கடுமையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. விளைவு என்ன? சைக்கிள் திருடியவனுக்கு வாரா வாரம் அதிகாரி, ஆலோசனை எல்லாம் கிடைக்கும். மற்றவர் உடம்பின் எல்லை தெரியாதவனுக்கு ஒன்று பிணையோடு வீடு, இல்லையென்றால் மூன்று ஆண்டு நிலையம். நடுவில் இருக்க வேண்டிய படி இல்லை.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு மறுவாழ்வு ஆலோசனை பற்றிப் பேசுகிறது. தண்டனையோடு சேர்த்து அதையும் நீதிமன்றம் ஆணையிட வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல பிரிவுதான். ஆனால் தடுப்பில் இருக்கும் காலத்துக்குள் என்று அதில் வருகிறது. வெளியே, வீட்டில் இருக்கும் பையனை அந்த வாசகம் எட்டுவதில்லை.

அதனால் நீங்கள் எதிர்ப்பக்கம் பார்த்துப் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, தங்கச்சி. கட்டாயச் சிகிச்சை கொடுத்துவிடுவார்களோ என்கிறீர்கள். நான் பார்த்த கேஸ்களில் பெரும்பாலும் நடந்தது, பையனுக்கு ஓர் இடம் கிடைக்கும், சிகிச்சை கிடைக்காது. ஒருவனை நினைத்துக்கொள்கிறேன். தோட்டத்துப் பையன், அப்பா செம்பனைக் குலை அறுப்பவர். அவன் விஷயத்தில் என் சக அதிகாரி எழுதிய அறிக்கையில் குடும்ப வருமானம், பள்ளி வருகை, அப்பா குடிப்பாரா என்பதெல்லாம் இருந்தது. அவன் ஏன் அதைச் செய்தான் என்று ஒரு வரி இல்லை. நிலையத்தில் மரவேலை கற்றுக்கொண்டு, ஒரு சான்றிதழோடு வந்தான். அவனுக்கு எட்டு வயதில் என்ன நடந்தது என்பதை வெளியே வந்த பிறகுதான், என்னிடம் ஒரு தேநீர்க் கடையில் வைத்துச் சொன்னான். யாரும் கேட்கவில்லை அங்கிள் என்றான். அந்த அறிக்கைக்கு நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இதனால்தான் அறிக்கையைப் பற்றி நீட்டிச் சொல்கிறேன். குற்றம் கண்டறிந்த பிறகு என்ன ஆணை போடுவது என்று முடிவெடுக்கும் முன் நீதிமன்றம் நன்னடத்தை அறிக்கை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது சிறார் சட்டத்தின் 90ஆம் பிரிவு. அவன் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு எல்லாம் அதில் வரும். பதிவு பெற்ற மருத்துவரின் எழுத்து மூலமான அறிக்கையையும் அதோடு சேர்க்க இடம் உண்டு. இந்தக் கடைசி வசதியைப் பயன்படுத்தும் குடும்பங்கள் மிகக் குறைவு. வெல்ஃபேர் ஆபீசர் வீட்டுக்கு வரும் அன்று எல்லாரும் வீட்டைக் கூட்டி, சாமி படத்துக்கு மாலை போட்டு, 'நல்ல பையன் சார், யார் வம்புக்கும் போக மாட்டான்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது எதற்கும் உதவாது. வீட்டில் யார் யார் தூங்குமிடம் எங்கே, பையன் கையில் போன் எத்தனை மணி வரை இருந்தது, அப்பா ஷிப்டு வேலையா, பள்ளி முடிந்து வந்தால் யார் பார்த்துக்கொள்வது? இதைச் சொல்லுங்கள். கூடவே குழந்தைகள், வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும் மனநல மருத்துவரிடம் ஒரு மதிப்பீடு வாங்க முயலுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். செலவு பெரிதாக ஆகாது, காத்திருப்புதான் நீளம். ஆகவே நாளைக்கே கடிதத்துக்குப் போங்கள்.

அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு வழக்கறிஞர் என்ன கேட்கலாம்? நன்னடத்தைப் பிணையில் 'நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனைகள்' என்று ஒரு வாசல் இருக்கிறதல்லவா, அந்த நிபந்தனைகளில் சிகிச்சையைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். மாதம் இத்தனை முறை மனநல மருத்துவரைப் பார்ப்பது, அந்தச் சிறுமியின் வீட்டுப் பக்கம் போகாதது, குழந்தைகளோடு தனியே இருக்காதது. பெற்றோரையும் சேர்த்து நலத்துறையின் பயிலரங்குக்கு வரச் சொல்ல 93ஆம் பிரிவில் வழி இருக்கிறது. நிலையத்துக்கு அனுப்புவதுதான் முடிவு என்றாலும், அங்கே சிகிச்சை தொடர வேண்டும் என்று ஆணையிலேயே எழுதிக் கேட்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த மாஜிஸ்திரேட்டையும் கட்டாயப்படுத்த முடியாது. கேட்காமல் கிடைப்பதும் இல்லை.

சிகிச்சை என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? ஊசியும் இல்லை, ஷாக்கும் இல்லை. பெரும்பாலும் பேச்சுதான். அந்த நேரத்தில் அவன் தலைக்குள் என்ன ஓடியது, தனக்கு என்ன சொல்லிச் சமாதானம் செய்துகொண்டான், அந்தச் சிறுமிக்கு அது என்னவாக இருந்தது, எந்தச் சூழ்நிலையில் மறுபடி சறுக்கக்கூடும், அப்போது யாரிடம் சொல்வான். கூடவே உடம்பைப் பற்றி, சம்மதத்தைப் பற்றி நாம் வீட்டில் சொல்லித்தராத பாடம். இந்த வயதில் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் பலன். பையனை மட்டும் அனுப்பிவிட்டு அப்பா கார் பார்க்கில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தால் பாதி வேலைகூட நடக்காது.

பலன் இருக்குமா என்றும் உங்கள் மனதில் ஓடும். அமெரிக்க ஆய்வாளர் கால்டுவெல் 2016இல் 106 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார், ஏறத்தாழ 33,800 சிறார். சுமார் ஐந்து ஆண்டு பின்தொடர்ந்ததில் மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கொஞ்சம் குறைவு. 2000க்குப் பிந்தைய ஆய்வுகளில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே. பிடிபட்டவர்கள் கணக்குதான் அது, பிடிபடாதது அதில் வராது. இருந்தாலும் 'ஒரு தடவை செய்தவன் காலம் முழுக்கச் செய்வான்' என்று ஊர் சொல்வதற்கும் இந்த எண்ணுக்கும் வெகு தூரம்.

இனி, மறுக்கலாமா என்ற கேள்வி. குற்றம் கண்டறியப்படும் முன், சிகிச்சை உங்கள் சம்மதத்தோடுதான். 18 வயதுக்குக் கீழே என்பதால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், மனநலச் சட்டத்தில் மேலே சொன்ன நிலை இருந்தால் ஒழிய யாரும் இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆணை வந்த பிறகு நிபந்தனையை மீறினால் மறுபடி நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள், அடுத்த முறை வீடு கிடைக்காது. இன்னொரு சின்ன வாசலும் இருக்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை என்று நலத்துறை ஒருவனைத் தன் பொறுப்பில் எடுத்திருந்து, அவன் உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்று மருத்துவர் சான்று எழுதி, பெற்றோர் காரணமின்றி மறுத்தால், பாதுகாவல் அதிகாரியே சிகிச்சைக்கு அனுமதி தரலாம், மனநலச் சிகிச்சை உட்பட. அது சிறார் சட்டத்தின் 24ஆம் பிரிவு. தற்கொலை எண்ணம் உள்ள பிள்ளைகள் விஷயத்தில் இது முக்கியம். பிடிபட்ட பையன்களிடம் அந்த எண்ணம் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அக்காளிடம் சொல்லி வையுங்கள்: பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் வீட்டில் எட்டும் இடத்தில் வேண்டாம்.

சிகிச்சையைத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பையன் ஆலோசகரிடம் பேசும்போது, வெளியே வராத வேறு சம்பவத்தைச் சொல்லிவிடலாம். அப்போது அந்த ஆலோசகருக்கும் 19ஆம் பிரிவு பொருந்தும், அவர் தகவல் சொல்லியாக வேண்டும். இதனால் சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, அவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பணம் இல்லையென்றால் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்ற தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது, 2012இலிருந்து கைதானவர்களுக்குக் கட்டணமில்லாமல் வழக்கறிஞர் தருகிறது. வழக்கறிஞர் கேட்காமல், பாலாயில் போய் 'எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான் சார்' என்று மாமா யாராவது சொல்லிவிட்டு வர வேண்டாம்.

பையனைத் திருத்தித் தருகிறோம் என்று சில 'மையங்கள்' வரும். மொட்டை அடித்து, அதிகாலை எழுப்பி, அடித்து, சங்கிலி போட்டு. பாலியல் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பராமரிப்பு நிலையம் என்றால் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும், ஆலோசகர் என்றால் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள், முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். முனியாண்டி கோயிலில் கயிறு கட்டுவது உங்கள் விருப்பம். கட்டிக்கொண்டே ஈப்போவுக்கும் போகலாம்.

வீட்டுக்குள் இப்போதே செய்ய வேண்டியதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் அவனைவிடச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரே அறையில் படுக்க வைக்காதீர்கள். அக்காள் பிள்ளைகளையும் உங்கள் பிள்ளைகளையும் அவனிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். இது அவனை அவமானப்படுத்த இல்லை. இன்னொரு புகார் வந்தால் அவனைக் காப்பாற்ற யாராலும் முடியாது. அவனுக்கே முன்பு யாராவது ஏதாவது செய்திருக்கிறார்களா என்று அடிக்காமல், மிரட்டாமல், ஒரு தடவை கேளுங்கள். உண்டு என்றால் அதுவும் புகார்தான். தாலியான் காசே என்ற உதவி எண் 15999க்கு இரவிலும் கூப்பிடலாம்.

அந்தச் சிறுமியின் பெயரையோ, பையன் பெயரையோ, இரண்டு வீட்டுப் படத்தையோ தாமான் வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு, பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் உண்டு. உங்கள் வீட்டு ஆட்களில் ஒருவர் அந்தச் சிறுமியைப் பற்றிக் கேவலமாக ஏதோ எழுதியிருக்கிறார் என்று நீங்கள் கடைசியில் சேர்த்திருந்தீர்கள். அவரிடம் இன்றே பேசுங்கள்.

மொழி விஷயம் ஒன்று பாக்கி. தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைக்குப் போன பையன், மலாயில் 'சரி சார்' என்று தலையாட்டுவான், மனதில் இருப்பதைச் சொல்ல வார்த்தை இருக்காது. அப்பாவுக்கு அதுவும் வராது. ஈப்போவில் பெயர் பதியும்போதே தமிழ் தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்று கேட்டு, எழுதி வைக்கச் சொல்லுங்கள். நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். பக்கத்து வீட்டு அண்ணனை அழைத்துப் போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அவர் முன்னால் பையன் வாயைத் திறக்க மாட்டான். கடிதம் வாங்கப் போகும்போது பையனின் பிறப்புப் பத்திரமும் பள்ளி ரிப்போர்ட்டும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.